மாடி ஏறும் தண்ணீர்

ஆற்காட்டிலிருந்து ஆரணி போகிற சாலையில் இருக்கிறது திமிரி. மாடி கட்டிய வீடுகளில் இங்கேயும் அதே குறைதான்: கீழே குழாய் பீய்ச்சி அடிக்கிறது, மேலே சொட்டுகிறது. நிமிர்ந்த குழாயில் 10 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அடியில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ அழுத்தம். குழாய் ஒல்லியோ பருமனோ, கணக்கு மாறாது. மொட்டைமாடித் தொட்டிக்கு 3 மீட்டர் கீழே உள்ள குழாய்க்குக் கிடைப்பது 0.3 கிலோதான்.

குளிக்க அது போதும். தீயை அணைக்க? உயரமான கட்டடங்களில் உச்சி மாடியில் ஹோஸ் மாட்டும் ஹைட்ரன்ட் வால்விலும் 3.5 கிலோ இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. படிக்கட்டோரம் சிவப்புப் பெயின்ட் அடித்து நிற்கும் தனிக் குழாய் அதற்காகத்தான். கீழ்த்தொட்டியிலிருந்து பம்ப் மேலே தள்ளினால் அது வெட் ரைசர். எந்நேரமும் தண்ணீர் நிறைந்து, அழுத்தத்தோடு இருக்கும். மாடித்தொட்டியிலிருந்து இறங்கினால் டவுன் கமர். தொட்டிதான் உயரத்தில் இருக்கிறதே என்று அங்கே வைக்க வேண்டிய பம்பை விட்டுவிட்டால், மேல் மாடிக்கு மிஞ்சுவது அதே 0.3 கிலோ. தரைமட்டத்தில் தீயணைப்பு வண்டி ஹோஸ் மாட்ட ஒரு வாயும் உண்டு. அதை மறைத்து பைக் நிறுத்தியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது.

சென்னை அண்ணா சாலையின் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தில் 1975-ல் தீப்பிடித்தது. அத்தனை உயரத்துக்கு ஏணியை மட்டும் நம்ப முடியாது. தண்ணீர் கட்டடத்துக்குள்ளேயே ஏறியாக வேண்டும். ஏறினாலும் போதாது என்று காட்டியது பிலடெல்பியா. 1991 பிப்ரவரி 23 அன்று அந்நகரின் ஒன் மெரிடியன் பிளாசா என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் 22-ஆவது மாடி பற்றிக்கொண்டது. குழாய் இருந்தது. ஆனால் அழுத்தம் குறைக்கும் வால்வுகளைத் தவறான அளவில் வைத்திருந்தார்கள். ஹோஸில் வந்த தண்ணீருக்கு வேகமில்லை. தீயணைப்பு வீரர்கள் 3 பேர் இறந்தார்கள். 30-ஆவது மாடியில் ஸ்பிரிங்க்ளர்கள் தண்ணீரைக் கொட்டிய பிறகுதான் தீ மேலே ஏறாமல் நின்றது.

இந்தப் பக்கத்திலும் ஆபத்து உண்டு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஷூ கம்பெனிகளில் பசையும் தின்னரும் தோல் தூசியும் சட்டெனப் பற்றக்கூடியவை. சுற்றுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வேனில் வந்து தைக்கிற, ஒட்டுகிற பெண்கள் அவற்றின் நடுவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். தீப்பயிற்சி நாளில் வாசலில் நெருப்பு மூட்டி சிலிண்டரால் அணைத்துக் காட்டினால் மட்டும் போதாது. உச்சி மாடி வால்வையும் திறந்து பார்க்க வேண்டும். பம்ப் ரூம் மீட்டர் 5 கிலோ காட்டலாம். 20 மீட்டர் ஏறுவதற்கே அதில் 2 போய்விடும். மேலே இருப்பவர்களுக்குக் கிடைப்பது 3.