பருத்த எழுத்தும் சங்கச் சரக்கும்

உறையூர்க் கைத்தறிப் புடவையாயினும், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே ஸ்ரீரங்கம் தீவில் விளையும் வாழையாயினும், வாங்குவோர் கண்ணில் முதலில் படுவது அதன் மேலுள்ள எழுத்தேயாகும். ஆதலின் எழுத்தைத் தேர்ந்தெடுப்பது அச்சகத்தார் வேலையென்று அங்கத்தினர்கள் வாளாவிருத்தல் கூடாது.

பெயர்ப் பலகைக்குப் பலரும் விரும்புவது, பருத்து அகன்று, முனைகள் உருண்டு, ஓரங்களில் சிறு கொம்புகள் இல்லாத எழுத்து வகை. தமிழில் இதற்கு நல்ல உதாரணம் ‘பாலூ தம்பி’. மும்பையிலுள்ள ‘ஏக் டைப்’ என்னும் எழுத்துக் கலைஞர் குழுவினர் இதனை 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பாலூ என்பது இந்தியில் கரடி, உருவத்துக்கேற்ற பெயரே. தெலுங்கில் ‘தம்முடு’, மலையாளத்தில் ‘சேட்டன்’ என இதற்கு உடன்பிறப்புகளும் உண்டு. கணினியில் இதனை விலையின்றிப் பெற்று, வியாபாரத்துக்கும் தடையின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவை மட்டும் தனியே விற்றல் கூடாது. ஆகவே சங்க நிதிக்குச் செலவில்லை.

தூரத்திலிருந்து விளங்குவதே இவ்வெழுத்தின் பலம். காந்தி மார்க்கெட் நெரிசலில் நடப்பவரும் இரண்டு மூன்று சொற்களை ஒரே பார்வையில் படித்துவிடுவர். உருண்ட முனையாதலால், துணியிலும் அட்டைப்பெட்டியிலும் அச்சிடும்போது மை சற்றுப் பரவினாலும் உருவம் எளிதில் கெடுவதில்லை.

ஆனால் அதே பருமன் சிறிய அளவில் தீங்காகிறது. கோடு தடிக்கத் தடிக்க எழுத்தின் உள்வெளி குறைகிறது. ‘ண’, ‘ன’ ஆகியவற்றின் சுழிகள் அடைபடும்; மெய்யெழுத்தின் புள்ளி கீழெழுத்தோடு ஒட்டிக்கொள்ளும்; 6, 8, 0 ஆகியன ஒன்றுபோல் தோன்றும்.

நான் ஆய்வுக்குச் சென்ற ஒரு நெசவாளர் சங்கத்தில், இரண்டு விரலகலமுள்ள துணிச்சீட்டு முழுவதையும் இத்தகைய எழுத்திலேயே அச்சிட்டிருந்தனர். 80-ஆம் நம்பர் நூல் என்பது, மை அடைத்ததால், 60 எனத் தோன்றிற்று. மட்ட நூலுக்கு உயர்ந்த விலை கேட்கிறார்கள் என்று வியாபாரி சரக்கைத் திருப்பிவிட்டார். நூலைப் பரிசோதித்து உண்மையை மெய்ப்பிப்பதற்குள் மூன்று வாரம் கடந்தது. அதுவரை நெசவாளருக்குக் கூலிப் பட்டுவாடா நின்றிருந்தது.

ஆதலின் சங்கங்கள் பின்வருவனவற்றைக் கவனித்தல் நலம்:

1. பருத்த எழுத்தைச் சங்கத்தின் பெயருக்கும் சரக்கின் பெயருக்கும் மட்டும் கொள்க.

2. நூல் நம்பர், நீளம், எடை, விலை, கூட்டத் தேதி ஆகியவற்றை மெல்லிய, தெளிவான எழுத்தில் இடுக. முக்கிய எண்ணை ‘எண்பது’ என எழுத்தாலும் எழுதுக.

3. மொத்தமாக அச்சிடுமுன், அதே துணியிலோ அட்டையிலோ, உரிய அளவில் ஒரு மாதிரி எடுத்து, கண் மங்கிய மூத்த அங்கத்தினர் ஒருவரிடம் படிக்கக் கொடுக்க.

4. பலகையின் மாதிரியைச் சாலையின் எதிர்ப்புறம் நின்று பார்க்க.

இவற்றை நிறைவேற்ற அரைநாள் போதும். அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில், தங்கள் சங்கச் சீட்டு ஒன்றை மேசைமேல் வைத்து, காரியதரிசியும் அங்கத்தினர்களும் ஒருமுறை படித்துப் பார்ப்பார்களாக.