ஒரே தரை, இரண்டு கால்கள்

பிறந்த பன்றிக்குட்டியின் காலைக் கையில் எடுத்துப் பார்த்தால் குளம்பு இருப்பதே தெரியாது. நுனி முழுக்க வெளிர்மஞ்சளாக, ஈர நார்போல மெத்தென்ற ஓர் உறை மூடியிருக்கும். வயிற்றுக்குள் குட்டி உதைக்கும்போது கருப்பை கிழிந்துவிடாமல் காப்பது அதுதான். நடக்கத் தொடங்கியதும் காய்ந்து உதிர்ந்துவிடும். அடியில் இருப்பதோ இன்னும் கெட்டிப்படாத பாதம். நவீனப் பண்ணைகளில் அந்தப் பாதம் முதலில் மிதிப்பது பெரும்பாலும் சிமெண்டை, இல்லையென்றால் இரும்பு அல்லது பிளாஸ்டிக் சட்டத்தை.

தாய்ப்பன்றி ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை பால் கொடுக்கும். ஆனால் பால் இறங்குவது சில விநாடிகள்தான். 20 விநாடி நீடித்தாலே அதிகம். அதற்குள் வயிறு நிரம்ப வேண்டும் என்பதால் பத்துப் பன்னிரண்டு குட்டிகளும் முண்டியடிக்கும். முன்னங்கால் முட்டிகளைத் தரையில் ஊன்றி, பின்னங்கால்களால் உந்தி மடியை முட்டும். இரவும் பகலுமாக இருபது தடவைக்கு மேல் இது நடக்கிறது. தரை சொரசொரப்பாக இருந்தால் உப்புத்தாளில் தேய்த்ததுபோல இரண்டு முட்டியிலும் தோல் உரிந்துவிடும். அந்தப் புண் வழியே ஸ்ட்ரெப்டோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் உள்ளே போனால் மூட்டு வீங்கும். நொண்டும் குட்டிக்குக் காம்பு கிடைக்காது. தாய் புரண்டு படுக்கும்போது சட்டென்று விலகவும் முடியாது.

சிமெண்டுக்குப் பதில் இடைவெளி விட்ட சட்டத் தரை போட்டால்? இங்கிலாந்துப் பண்ணைகளில் பால்குடிக் குட்டிகளின் கால்களைச் சோதித்து 2009இல் வெளியான ஓர் ஆய்வு இதற்குச் சங்கடமான பதில் தருகிறது. ஏறக்குறைய பாதிக் குட்டிகளுக்குப் பாதத்தில் இரத்தம் கன்றியிருந்தது. சட்டத் தரையில் வளர்ந்தவற்றுக்கு இந்தக் கன்றல் அதிகம், தோல் சிராய்ப்பு குறைவு. படுக்கை பரப்பிய சிமெண்ட் தரையில் நிலைமை தலைகீழ். முட்டியைக் காப்பாற்றினால் பாதம் போகிறது.

காரணம் எளிது. சட்டத் தரையில் குட்டியின் எடை முழுவதும் குறுகிய விளிம்புகளில் இறங்குகிறது. இடைவெளியில் குளம்பு சிக்கவும் செய்யும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு விதிப்படி கான்கிரீட் சட்டங்களுக்கு இடையே உள்ள இடைவெளி பால்குடிக் குட்டிக்கு 11 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது. சினைப்பன்றிக்கு 20 வரை போகலாம். ஈனும் கொட்டிலில் தாயும் குட்டியும் ஒன்றாகத்தானே இருக்கின்றன? ஒன்று 200 கிலோவைத் தாண்டும், மற்றொன்று ஒன்றரைக் கிலோ. இருவருக்கும் பொருந்தும் தரை என்று ஒன்று இல்லை. என் பார்வையில், பண்ணைத் தரைகள் இந்த இருவரையும் விடச் சாணத்தை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. தானாகக் கீழே விழுந்துவிட்டால் அள்ளும் கூலி மிச்சம்.

வைக்கோல் பரப்பலாமே என்று தோன்றும். கனமாகப் பரப்பினால் நல்லதுதான்; மெல்லிய படுக்கையைக் குட்டிகள் உந்தும் உந்தில் ஒதுக்கிவிட்டு வெறும் சிமெண்டில் நிற்கும். சட்டத் தரையிலோ வைக்கோல் கீழே இறங்கிச் சாணக் குழாயை அடைத்துக்கொள்ளும். நனைந்த படுக்கை இன்னும் மோசம். மூத்திரத்தில் ஊறிய குளம்பு இளகி, சீக்கிரம் தேயும். புதிதாகப் பூசிய சிமெண்டிலும் எச்சரிக்கை வேண்டும்: அதன் காரம் இளந்தோலை அரிக்கும் என்பதால், பலமுறை கழுவி ஆறவிட்ட பிறகே குட்டிகளை விட வேண்டும்.

ஓர் ஆறுதல் உண்டு. வயது ஏற ஏறப் பாதம் கெட்டிப்பட்டு, கன்றல் குறைகிறது. ஆகவே கொட்டில் முழுவதையும் இடித்துக் கட்ட வேண்டியதில்லை. மடிக்கு இருபுறமும் குட்டிகள் முட்டியூன்றும் இடத்தில் ரப்பர் பாய் விரித்து, முதல் வாரத்தில் அதை உலர்வாக வைத்திருந்தாலே காயத்தைக் குறைக்கலாம். பாயைத் தாய்ப்பன்றி கடித்துக் குதறாதபடி இறுக்கிப் பொருத்துவதுதான் சிரமம்.