படத்தின் கீழே எழுதும் நான்கு வரிகள்

நகைகளையும் நிலப் பத்திரங்களையும் வங்கியின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டுகிறோம். பாட்டனார் காலத்துப் புகைப்படங்களோ பெரும்பாலும் பரண்மேல் தகரப் பெட்டியில் கிடக்கின்றன. அத்தகைய படங்களைத் தேடித் திரட்டிக் காப்பதைப் பெரும்பணியாக மேற்கொண்டவர்களும் நம் நாட்டில் உண்டு. 1962 முதல் 1977 வரை தில்லியில் தேசிய நாடகப் பள்ளியின் இயக்குநராக இருந்த இப்ராஹிம் அல்காஸி அவர்களுள் ஒருவர். அவர் சேர்த்த பழம்படங்கள் இன்று அவர் பெயரால் அமைந்த அறக்கட்டளையின் பொறுப்பில் உள்ளன. அவற்றில் லக்னோ நகரப் படங்களுக்குத் தனிச்சிறப்பு உண்டு. அவற்றை அடிப்படையாகக் கொண்டு 2006-இல் ஒரு நூலே வெளிவந்தது.

இத்தகைய தொகுப்பிலிருந்து படங்களைத் தெரிந்தெடுத்து ஒரு நகரத்தைச் சுவரில் ஏற்றுவது எளிய வேலையன்று. அழகானவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தால் அது நாட்காட்டியாகிவிடும். கால வரிசையில் அடுக்கினால் பாடநூலாகிவிடும். லக்னோவைப் பொறுத்தவரை, படம் எடுத்தவர் யார் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே சிறந்தது எனத் தோன்றுகிறது.

முதலில் வருபவர் அகமது அலி கான். 1857-க்கு முன்பே, நவாப் வாஜித் அலி ஷாவின் காலத்து லக்னோவில் புகைப்படக் கலையைப் பயின்றவர். அரண்மனையைச் சேர்ந்தவர்களையும், நகரில் வாழ்ந்த ஆங்கிலேயக் குடும்பத்தினரையும் அவர் படமெடுத்தார். நாற்காலியில் அமைதியாக அமர்ந்திருக்கும் அவ்வெள்ளையருள் சிலர், பின்னர் ரெசிடென்சி முற்றுகையில் மாண்டுபோயினர். படம் எடுத்த நாளில் எடுத்தவரும் அறியார், அமர்ந்தவரும் அறியார்.

அடுத்தவர் ஃபெலீச்சே பியாட்டோ. கிரிமியப் போரைப் படமெடுத்த அனுபவத்துடன் 1858-இல் இந்தியா வந்தவர். ஆங்கிலப் படை லக்னோவை மீண்டும் கைப்பற்றிய சில வாரங்களுக்குள் அவருடைய கருவி அங்கே நின்றது. பல படங்களை ஒட்டி இணைத்து அவர் அமைத்த நகரின் அகலக் காட்சி மிகப் புகழ்பெற்றது. குவிமாடங்கள், மினார்கள், மதில்கள் எல்லாம் உண்டு. மனிதரை மட்டும் தேடவேண்டும்.

இங்கேதான் காட்சி அமைப்பாளர் கவனமாக இருக்கவேண்டும். அந்நாளில் கண்ணாடித் தகட்டில் இரசாயனம் பூசி, அது உலர்வதற்குள் ஒளியைப் பாய்ச்சிப் படமெடுத்தனர். அதற்குச் சில விநாடிகளேனும் பிடித்தன. நின்றவர் பதிவாவார், நடந்தவர் மங்கி மறைவார். ஆகவே சந்தடி மிகுந்த கடைத்தெருவும் பழம்படத்தில் வெறிச்சோடிக் காணப்படலாம். ஆனால் 1858-இன் லக்னோ உண்மையிலேயே வெறிச்சோடிய நகரம். மக்கள் பெருந்திரளாக வெளியேறியிருந்தனர். கருவியின் இயலாமையால் வந்த வெறுமை ஒன்று. போரினால் வந்த வெறுமை மற்றொன்று. பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைச் சொல்லவேண்டியது படக்குறிப்புதான்.

மூன்றாமவர் தரோகா அப்பாஸ் அலி, லக்னோ நகராட்சியில் பொறியியல் பணியில் இருந்தவர். 1874-இல் ஐம்பது படங்களும் நகரின் வரைபடமும் கொண்ட தொகுப்பை அவர் வெளியிட்டார். அதற்குள் படை நகர்வதற்கு வசதியாக அகன்ற சாலைகள் நெரிசலான பழைய பகுதிகளை ஊடறுத்துச் சென்றிருந்தன; அரண்மனைகளில் பலவும் இடிக்கப்பட்டிருந்தன. ஊரை உள்ளும் புறமும் அறிந்த உள்ளூர்க்காரர் ஒருவரின் பார்வை அது. பியாட்டோவின் படங்களுக்கு எதிர்ச்சுவரில் இவருடைய படங்களை வைத்தால், ஒரே கட்டடத்தை இரு கண்களால் காணும் வாய்ப்புப் பார்வையாளருக்குக் கிட்டும். பியாட்டோவுக்குக் கிடைத்த புகழில் பாதியேனும் அப்பாஸ் அலிக்குக் கிடைத்திருக்கலாம் என்பது என் குறை.

எல்லாவற்றிலும் கடினமானது சிக்கந்தர் பாக் படம். 1857 நவம்பர் 16 அன்று அத்தோட்ட மாளிகையின் மதிலுக்குள் ஏறத்தாழ 2,000 இந்திய வீரர்கள் கொல்லப்பட்டனர். பியாட்டோவின் படத்தில் சிதைந்த மாளிகையின் முன் மண்டையோடுகளும் எலும்புகளும் சிதறிக் கிடக்கின்றன. பின்னால் சிலர் நிற்கின்றனர். ஆனால் படம் எடுக்கப்பட்டது போர் முடிந்து மாதங்கள் கழிந்த பிறகு. படத்திற்காகவே எலும்புகள் வெளியே எடுக்கப்பட்டன என்று ஆங்கில அதிகாரி ஜார்ஜ் கேம்பல் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அப்படியெனில் இது போரின் சாட்சியமா, அமைத்துக் காட்டிய காட்சியா? கொல்லப்பட்டது மெய், கிடந்த கோலம் மெய்யன்று.

இப்படத்தைத் தவிர்த்துவிடலாம் என்போர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. தவிர்த்தால் அவர்கள் இரண்டாம் முறையும் புதைக்கப்படுவர். ஆனால் வெறுமனே மாட்டிவைத்தலும் தகாது. அன்றைய ஆங்கிலப் படக்குறிப்பு, மாண்டவர்களைக் கலகக்காரர் என்று சுட்டியது. கொன்ற படைப்பிரிவுகளின் பெயர்களையோ பெருமையுடன் எழுதியது. அக்குறிப்பை, பழைய குறிப்பு என்று அடையாளமிட்டு, அப்படியே ஓரத்தில் வைக்கலாம். அதன் அருகே இன்றைய குறிப்பு நான்கு வரிகள்: என்ன நடந்தது, எப்போது நடந்தது, படம் எப்போது எடுக்கப்பட்டது, அதற்காக என்ன செய்யப்பட்டது. அங்கே போரிட்டு வீழ்ந்த உதா தேவியின் பெயரையும் சேர்க்கவேண்டும். மரத்தின்மீது ஏறிப் பகைவரைச் சுட்ட அப்பெண்ணின் சிலை இன்று சிக்கந்தர் பாக் சந்திப்பில் நிற்கிறது. படத்தில் அவள் இல்லை.

இவ்வகைப் படங்கள் ஒளி பட்டால் மங்கிவிடும். எனவே கூடத்தில் 50 லக்ஸ் அளவுக்கே வெளிச்சம் அனுமதிக்கப்படும். வாசலில் நுழைபவர் கண் பழகச் சற்று நேரம் நிற்கவேண்டியிருக்கும். சில மாதங்களில் கண்காட்சி முடிந்ததும் படங்கள் அமிலமற்ற தாளில் பொதியப்பட்டு, மீண்டும் நெடுங்காலம் இருட்டறையில் ஓய்வெடுக்கும்.