சும்மா இருக்கும் அம்மா

சில ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவை இங்கே அமெரிக்காவுக்கு அழைத்து வருவதற்காக விசா மனுவை நிரப்பிக் கொண்டிருந்தேன். அம்மா பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். தொலைபேசியில் கேட்டுக் கேட்டு எழுதினேன். பெயர், பிறந்த தேதி எல்லாம் தடையின்றி வந்தன. "தொழில்" என்ற கட்டம் வந்ததும் இருவரும் நின்றுவிட்டோம்.

"என்னம்மா எழுதறது?" என்றேன்.

"நான் என்ன கண்ணு வேலை பாக்கறேன்? சும்மாதான இருக்கேன். அப்படியே எழுதிப்போடு" என்றார் அம்மா.

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். பிறகுதான் அந்தச் "சும்மா" உறுத்தியது. ஏனென்றால் அதே சொல்லை நானும் இங்கே பலமுறை சொல்லியிருக்கிறேன். கணவரின் வேலையை ஒட்டி ஹெச்-4 விசாவில் வந்த பெண்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்க வெகுகாலம் அனுமதியே இல்லை. 2015 மே மாதத்தில்தான், கணவரின் பச்சை அட்டை மனு ஒரு கட்டத்தைத் தாண்டியிருந்தால் மனைவி வேலைக்கு விண்ணப்பிக்கலாம் என்று விதி வந்தது. அதுவரை சங்க விழாக்களில் யாராவது "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "சும்மாதான் வீட்ல இருக்கேன்" என்பதே நம்மில் பலருடைய பதில். அம்மாவின் "சும்மா"வைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம் என்று அன்று தோன்றியது.

பாலக்காட்டுத் தமிழர் என்றவுடன் பலருக்கு அக்கிரகாரமும் சமையலும் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு பாலக்காடு. சித்தூர் வட்டத்தின் கிழக்குக் கோடி: கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம். ஒரு காலத்தில் கொச்சி அரசோடு இருந்து, 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது அதில் சேர்ந்த பகுதி. கல்யாண ஜவுளிக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். ரேஷன் கடைக்கும் பஞ்சாயத்து ஆபீசுக்கும் மலையாளம். இப்படி இரண்டு ஊர்களுக்கும் இரண்டு மொழிகளுக்கும் நடுவே வீட்டை நடத்துவது பெரும்பாலும் அம்மாக்கள்தான்.

கேரளம் என்றால் மழை என்று நினைப்பீர்கள். எங்கள் பக்கம் கோடையில் லாரித் தண்ணீர். அம்மாவின் நாள் தண்ணீரில்தான் தொடங்கும். குழாயில் எப்போது வரும் என்று கடிகாரம் சொல்லாது, காதுதான் சொல்லும். விடியுமுன் எழுந்து குடங்களை நிரப்பி, வாசல் தெளித்து, மாட்டைப் பார்த்து, அப்பாவுக்குக் காப்பி, எங்களுக்கு மூன்று தூக்குப் பாத்திரத்தில் சோறு. மாலையில் இட்லிக்கு மாவாட்டல். இதற்கிடையே ரேஷன், வைத்தியம், உறவில் நல்லது கெட்டது.

அதோடு இன்னொரு வேலையும் இருந்தது. அம்மா ஐந்தாம் வகுப்புவரை தமிழ் படித்தவர். என்னை மலையாளப் பள்ளியில் சேர்த்தார்கள். பின்னால் சர்க்கார் வேலைக்கு உதவும் என்று அப்பாவின் எண்ணம். என் ஒன்றாம் வகுப்புப் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அம்மாவும் என்னோடு சேர்ந்து மலையாளம் எழுத்துக் கூட்டினார். இரவில் பாடம் தலைகீழாகும். பழைய தமிழ் வாரப் பத்திரிகையை எடுத்து வைத்து, "இத வாசி பாக்கலாம்" என்பார். நான் பிற்பாடு சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்ததும், இன்று இந்தக் கட்டுரையை எழுதுவதும் அந்தச் சமையலறைத் திண்ணையில் கிடைத்த தமிழால்தான். இங்கே ஞாயிறுதோறும் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு இழுத்துக்கொண்டு ஓடும் தாய்மார்களுக்கு இதன் அருமை தெரியும்.

இதற்கெல்லாம் கணக்கு உண்டா? ஓரளவு உண்டு. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இலும் 2024இலும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று ஆய்வு செய்தது. வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் 2019இல் நாளொன்றுக்குச் சராசரி 299 நிமிடம் அதற்குச் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து ஆண்டுகளில் பெண்களுக்குப் பத்து நிமிடம் மிச்சம். ஆண்களுக்கும் ஏறக்குறைய அதே மிச்சம்! பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 கோடிப் பெண்கள் வீட்டு வேலையே தங்கள் முக்கிய அலுவல் என்றார்கள். ஆனால் அந்தக் கணக்கெடுப்பின் வரையறைப்படி, வீட்டு வேலை மட்டும் செய்பவர் "வேலை செய்யாதவர்".

வீட்டுக்குள் நடக்கும் வேலை நின்றால்தான் ஊருக்குத் தெரியும். எங்கள் ஊருக்குச் சற்று தூரத்தில் பிளாச்சிமடா. 2000ஆம் ஆண்டில் அங்கே கொக்கோ கோலா ஆலை வந்தது. கொஞ்ச நாளில் சுற்றியிருந்த கிணறுகளின் தண்ணீர் மாறிவிட்டது. சமைக்க முடியவில்லை, குளித்தால் அரிக்கிறது என்று முதலில் சொன்னவர்கள் அடுப்படிப் பெண்கள். தமிழோடு நெருங்கிய பேச்சுடைய எரவாளர் பழங்குடியைச் சேர்ந்த மயிலம்மா அவர்களுக்கு முன்னால் நின்றார். 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாசலில் போராட்டம் தொடங்கியது. 2004 மார்ச் மாதம் ஆலை உற்பத்தியை நிறுத்தியது. 2007இல் மயிலம்மா காலமானார். 2010இல் கேரள அரசு அமைத்த குழு, ஏற்பட்ட நட்டத்தை 216.26 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. ஒரு குடம் நல்ல தண்ணீருக்காக நடந்த சண்டை உலகச் செய்தியானது. அந்தக் குடத்தைத் தினமும் சுமந்த வேலைக்கு மட்டும் யாரும் விலை போடவில்லை.

இதே கேரள எல்லையில் தெற்கே இடுக்கி மலைக்குப் போனால் இன்னொரு காட்சி. என் சித்தி மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவர். அங்கே "சும்மா இருக்கிறேன்" என்று சொல்லவே வழியில்லை. லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். வீட்டில் யாராவது வேலையில் இருந்தால்தான் அங்கே குடியிருக்கலாம். காலையில் சமைத்து வைத்துவிட்டு, கைக்குழந்தையைத் தோட்டத்துக் காப்பகத்தில் விட்டு, கொழுந்து பறிக்கப் போய், மாலையில் திரும்பி மறுபடியும் அடுப்பு. தேனி மாவட்டத்திலிருந்து போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஜீப்பில் நெருக்கியடித்து ஏலத் தோட்டத்துக்குப் போய்வரும் பெண்களுக்கும் அதே கதைதான். 2015 செப்டம்பரில் மூணாறில் தேயிலைத் தோட்டப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டு, "பெம்பிளை ஒருமை" என்ற பெயரில் ஒன்பது நாள் தெருவில் உட்கார்ந்து 20 சதவீத போனஸ் வாங்கினார்கள். அதை அடுத்து நாள் கூலி 301 ரூபாய் ஆனது.

சித்தி ஒருமுறை அம்மாவிடம், "உனக்கென்னக்கா, வீட்டோட இருக்கற" என்றார். அம்மா, "உனக்கென்னடி, உன் கையில உன் காசு இருக்குது" என்றார். இருவர் சொன்னதும் உண்மை. ஒருத்திக்கு ஓய்வில்லை, மற்றவளுக்கு ஊதியமில்லை. அடுப்பு மட்டும் இருவருக்கும் பொது.

காலம் மெல்ல மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1998இல் கேரளத்தில் குடும்பஸ்ரீ தொடங்கியது. அதில் பக்கத்து வீட்டுப் பெண்கள் கூடும் "அயல்கூட்டம்" ஒன்றில் அம்மாவும் சேர்ந்தார். தன் பெயரில் ஒரு சேமிப்புப் புத்தகம் கிடைத்தது அங்கேதான். 2013இன் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ரேஷன் அட்டையில் வீட்டின் மூத்த பெண்ணே குடும்பத் தலைவி. அட்டையில் தன் படத்தை முதலில் பார்த்தபோது அம்மாவுக்குக் கூச்சம். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பர் 15 முதல் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரத் தொடங்கினார்கள். அதற்கு "உதவி" என்று பெயர் வைக்காமல் "உரிமைத் தொகை" என்று வைத்தது நல்ல காரியம். அது தமிழ்நாட்டு அட்டை உள்ளவர்களுக்கு மட்டும். எல்லைக்கு இந்தப் பக்கம் இருக்கும் அம்மா அதைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொள்கிறார்!

நம்மைப் போலப் புலம்பெயர்ந்த குடும்பங்கள் கட்டாயம் அறிய வேண்டிய தீர்ப்பு ஒன்று உண்டு. கணவர் சவூதி அரேபியாவில் பல ஆண்டுகள் சம்பாதித்தார். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். அந்தப் பணத்தில் வாங்கிய சொத்து யாருக்கு என்று வழக்கு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் நிம்மதியாகச் சம்பாதிக்க முடிந்தது, ஆகவே சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்று 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. நீதிபதி சொல்லித்தானா நமக்குத் தெரிய வேண்டும்?

இதைப் படிக்கும் ஆண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் சேமிப்புக் கணக்கும் வீட்டுப் பத்திரமும் யார் பெயரில் இருக்கின்றன என்று இந்த வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெண்களுக்கும் ஒன்று. மகளுக்குச் சொல்லித் தரும் சமையலை மகனுக்கும் சொல்லித் தாருங்கள். அந்த 88 நிமிடம் அங்கேதான் கூட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, "சும்மா" என்ற சொல்லை நாம் அனைவரும் நம் வீட்டுப் பேச்சிலிருந்து எடுத்துவிடலாம்.

அன்று அந்த மனுவில் "இல்லத்தரசி" என்ற பொருளில் ஒரு ஆங்கிலச் சொல்லை எழுதி அனுப்பினேன். அம்மா வந்தார், ஆறு மாதம் இருந்தார். வந்த மறுநாளே காலையில் எனக்கு முன்னால் எழுந்து சமையலறையில் நின்றார். "ஏம்மா, இங்கயாவது சும்மா இருக்கக் கூடாதா?" என்றேன்.

"அது எப்படின்னு எனக்குத் தெரியாதே கண்ணு" என்றார்.