வண்டியில் வந்தவள் எங்கே?

ஓடிக்கொண்டிருக்கிறது ரயில். கண்ணயர்ந்த இளம்பெண் ஒருத்தி விழித்துப் பார்க்கிறாள். எதிரே அமர்ந்திருந்த ஆங்கிலக் கிழவியைக் காணோம்! சற்றுமுன்தான் இருவரும் உணவுப் பெட்டிக்குச் சென்று தேநீர் அருந்தித் திரும்பினர். "அந்த அம்மாள் எங்கே?" என்று கேட்கிறாள். "எந்த அம்மாள்? அப்படி ஒருவர் இங்கே இருக்கவே இல்லையே!" என்கின்றனர் பெட்டியில் இருப்போர்.

இல்லையாம்! அன்பாகப் பேசியவள் இல்லையாம். அழைத்துச் சென்று தேநீர் தந்தவள் இல்லையாம்!

'தி லேடி வேனிஷஸ்' என்ற ஆங்கிலப் படத்தின் கதை இது. எதல் லினா ஒயிட் என்ற அம்மையார் 1936இல் எழுதிய நாவலைக் கொண்டு, 1938இல் ஆல்பிரட் ஹிட்ச்காக் எடுத்த படம். தேடும் பெண் ஐரிசாக மார்கரெட் லாக்வுட், துணைநிற்கும் இளைஞன் கில்பர்ட்டாக மைக்கேல் ரெட்கிரேவ், மறைந்த கிழவி மிஸ் பிராயாக மே விட்டி நடித்தனர். அதே கதையை 1979இல் மறுபடி எடுத்தார்கள். 2013இல் பி.பி.சி. தொலைக்காட்சி மூன்றாம் முறையாக எடுத்தது.

பார்த்தவர்கள் பலவிதமாகப் பேசுகிறார்கள். "பழையது பத்தரை மாற்றுத் தங்கம், புதியது பித்தளை" என்பார் ஒரு சாரார். "காலத்துக்கேற்ப வண்ணம் வேண்டாமா, வேகம் வேண்டாமா?" என்பார் மறு சாரார். "நாவலை ஒட்டியது எதுவோ அதுவே நல்லது" என்பாரும் உண்டு. நாம் மூன்றையும் பார்த்தோம். மூவர் பேச்சையும் கேட்டோம். நமக்குத் தோன்றும் கேள்வி வேறு. அந்தப் பெட்டியில் இருந்தவர்கள் ஏன் பொய் சொன்னார்கள்? இந்தக் கேள்வியை எந்தப் படம் நெஞ்சில் தைக்கிறதோ, அந்தப் படமே எடுத்த பயனைப் பெற்ற படம்.

சதிகாரர் சிலர் அந்த வண்டியில் உண்டு. கிழவியைக் கடத்தியவர்கள் அவர்கள். அவர்கள் பொய் சொல்வதில் வியப்பென்ன? திருடன் எங்கேனும் 'திருடினேன்' என்பானா? ஆனால், சதியில் ஒட்டும் இல்லாத, உறவும் இல்லாத, உத்தமர்களும் அல்லவா பொய் சொல்கிறார்கள்!

சார்ட்டர்ஸ், கால்டிகாட் என்று இரண்டு ஆங்கிலக் கனவான்கள். உணவுப் பெட்டியில் சர்க்கரைக் கட்டிகளை மேசைமீது பரப்பி, கிரிக்கெட் ஆட்டக்காரர் நின்ற இடங்களை விளக்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்களிடம் வந்து சர்க்கரை கேட்டவளே அந்தக் கிழவிதான். ஆனாலும், கேட்டபோது கண்டதாகச் சொல்லவில்லை. ஏன்? விசாரணை என்றால் வண்டி தாமதிக்கும். தாமதித்தால் மான்செஸ்டர் டெஸ்ட் ஆட்டம் போய்விடும்! ஒரு தட்டில் ஓர் உயிர். மறு தட்டில் ஒரு பந்தாட்டம். கனத்துத் தாழ்ந்தது பந்தாட்டத் தட்டு!

அடுத்தவர் டாட்ஹண்டர். சட்டம் படித்த வக்கீல். நீதிபதியாகும் ஆசை கொண்டவர். மனைவியல்லாத ஒருத்தியை மனைவியென்று சொல்லி அழைத்து வந்தவர். அவரும் கிழவியைக் கண்டார். 'காணவில்லை' என்று சாதித்தார். விசாரணை வந்தால் வேடம் கலையுமே! உடன் வந்தவளோ முதலில் 'கண்டேன்' என்றாள். உண்மையின்மீது பற்றா? அதெல்லாம் இல்லை. விவகாரம் வெளிப்பட்டால் இவர் தன்னை மணந்தே தீரவேண்டும் என்ற கணக்கு! கணக்குப் பலிக்காது என்று தெரிந்ததும், சதிகாரர் கொண்டுவந்து நிறுத்திய வேறொருத்தியைக் காட்டி, 'நான் கண்டது இவளைத்தான்' என்று மாற்றிவிட்டாள்.

டாக்டர் ஹார்ட்ஸ் வருகிறார், மூளை வைத்திய நிபுணர். வண்டி ஏறுமுன் ஐரிசின் தலையில் பூந்தொட்டி விழுந்தது. அது போதும் அவருக்கு. "அடிபட்ட மூளையின் மயக்கம், கிழவி உன் கற்பனை" என்கிறார். சொல் விஞ்ஞானத்தின் சொல். சூழ்ச்சியோ வஞ்சகனின் சூழ்ச்சி! ஏனெனில் சதியின் தலைவரே அவர்தான். பட்டம் பெற்றவர் சொன்னார் என்று தலையாட்டுவது பகுத்தறிவாகாது, தோழர்களே. யார் சொன்னாலும் சோதித்துப் பார்ப்பதே பகுத்தறிவு.

அந்த டாக்டரின் நோயாளிக்குக் காவலாக ஒரு கன்னியாஸ்திரீ. மேலே துறவியின் அங்கி. கீழே குதி உயர்ந்த நாகரிகச் செருப்பு! அங்கியைக் கண்டு கைகூப்பியவன் ஏமாந்தான். காலைக் கவனித்தவன் கண்டுகொண்டான். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கடைசியில் மனம் மாறி, கிழவியைக் காப்பாற்றத் துணிந்தவளும் அந்தப் போலித் துறவிதான். கண்ணியவான்கள் கைவிட்ட உயிருக்குக் கைகொடுத்தவள் அவள்!

படம் வந்த ஆண்டை மறக்கக்கூடாது. 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை விழுங்கினான் ஹிட்லர். செப்டம்பர் இறுதியில், மியூனிக் நகரில், செக்கோஸ்லோவாகியாவின் ஒரு பகுதியை அவனுக்குத் தாரைவார்க்க இசைந்தார் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லின். அக்டோபரில் படம் லண்டனில் திரைக்கு வந்தது. கதை முடிவில், சிப்பாய்கள் வண்டியைச் சூழ்ந்து சுடுகிறார்கள். "நமக்கேன் சண்டை?" என்று வெள்ளைக் கைக்குட்டையை அசைத்தபடி இறங்குகிறார் டாட்ஹண்டர். சுட்டு வீழ்த்துகிறார்கள்! மியூனிக் ஒப்பந்தத்துக்கு முன்பே எடுத்து முடித்த காட்சி அது. மறு ஆண்டு, 1939 செப்டம்பர் 3ஆம் நாள், பிரிட்டன் போர் அறிவித்தது. கைக்குட்டைக்குத் துப்பாக்கி மதிப்புத் தராது என்பதை நாடே அன்று உணர்ந்தது.

1979 படத்துக்கு வருவோம். முதற்படம் ஒரு கற்பனை நாட்டில் கதையை வைத்தது. இந்தப் படமோ ஜெர்மனி என்று இடத்தையும், 1939 ஆகஸ்டு என்று காலத்தையும் சொல்லிவிட்டது. வண்ணத்தில் மலைகள், அமெரிக்கச் செல்வச் சீமாட்டியாக சிபில் ஷெப்பர்ட், கிழவியாக ஏஞ்சலா லான்ஸ்பரி. விமர்சகர் பலர் வரவேற்கவில்லை. "நாயகியின் கூச்சலே மிச்சம்" என்றவர் உண்டு; "மலை அழகு, ரயில் அழகு, மாலைப்பொழுது இன்பமாகப் போயிற்று" என்றவரும் உண்டு. நாம் காணும் குறை வேறு. பகைவனுக்குச் சீருடை மாட்டி முதலிலேயே காட்டிவிட்டால், பார்ப்பவன் நிம்மதியாகச் சாய்ந்துகொள்கிறான். 'குற்றவாளி அதோ நிற்கிறான்; எனக்கென்ன?' என்கிறான். சகபயணியின் குற்றம் சுண்டைக்காயாகிவிடுகிறது.

2013 படத்தில் கிரிக்கெட் கனவான்களே இல்லை. "சிரிப்பைத் தொலைத்துவிட்டார்களே!" என்று ஆதங்கப்பட்டோர் பலர். ஆதங்கம் நியாயம். ஆனால், அந்த இருவர் மூல நாவலில் கிடையாது. 1938 படத்துக்காக கில்லியட், லாண்டர் எனும் எழுத்தாளர்கள் படைத்துச் சேர்த்தவர்கள். பி.பி.சி. நாவலின் பக்கம் திரும்பியது. அந்த நாவலில் ஒரு பாதிரியாரின் மனைவி வருகிறாள். ஊரில் அவளுடைய பிள்ளைக்கு உடல்நலமில்லை. வண்டி தாமதித்தால் பிள்ளையிடம் சேர முடியாதே என்ற தவிப்பில் பொய் சொல்கிறாள். கொடியவளா அவள்? தாய்! இங்கேதான் நம் நெஞ்சு சுடுகிறது. கிரிக்கெட் கனவான்களைப் பார்த்து நாம் சிரித்துவிடலாம். அந்தத் தாயைப் பார்த்துச் சிரிக்க முடியுமா? நல்ல காரணத்துக்காகச் சொன்ன பொய்யும் ஓர் உயிரைப் புதைக்கப் போதுமானது என்பதை அவள் காட்டுகிறாள்.

"இந்த ஐரிஸ் செருக்குப் பிடித்தவள், இவள்மீது இரக்கமே வரவில்லை" என்றும் சிலர் குறைகூறினர். இனிமையாகப் பேசுகிறவள் சொன்னால்தான் உண்மை, எரிந்து விழுகிறவள் சொன்னால் பொய்யா? சாட்சியின் குணத்தைக் காட்டிச் சாட்சியத்தைத் தள்ளுவதுதானே டாக்டர் ஹார்ட்சின் தந்திரம்! ஆகவே, சிரிப்புக்கும் விறுவிறுப்புக்கும் முதற்படம். உறுத்தலுக்கு மூன்றாம் படம். இதுவே நம் தீர்ப்பு.

பழைய படத்தில் வரும் ஒரு நொடியைச் சொல்லி முடிப்போம். ரயிலின் இரைச்சலில் பெயர் காதில் விழாததால், கிழவி சன்னல் கண்ணாடியில் விரலால் தன் பெயரை எழுதியிருந்தாள். ஐரிஸ் அதைக் கண்டு கூவுமுன், காட்டுமுன், அழிந்துவிட்டது. பிறகு, குப்பையோடு வெளியே கொட்டிய தேயிலைப் பொட்டலத்தின் உறை, காற்றில் பறந்துவந்து கண்ணாடியில் ஒட்டியது. கிழவி கையோடு கொண்டுவந்த தேயிலை! கில்பர்ட் கண்டான். ஒரே நொடி, பறந்துவிட்டது. அவன் நினைத்திருந்தால் 'நான் பார்க்கவில்லை' என்றிருக்கலாம். அவன் 'பார்த்தேன்' என்றான். வண்டி முழுவதும் தேடப் புறப்பட்டான். கிழவி பிழைத்தாள்.

ஆலையிலோ அலுவலகத்திலோ ஒரு தோழனுக்கு அநீதி நேரும்போது, 'கண்டவர் யார்?' என்ற கேள்வி நம்மையும் தேடி வரும். அன்று நம் கையிலும் ஏதேனும் ஒரு டெஸ்ட் ஆட்டத்துக்கான சீட்டு இருக்கும். அந்த இரு கனவான்கள் லண்டன் வந்து இறங்கியதும் என்ன கண்டார்கள் தெரியுமா? வெள்ளத்தால் ஆட்டம் ரத்து!