மூவர் பணம், ஒருவர் பெயர்: கூட்டாக வாங்கும் ஸ்போர்ட்ஸ் கார்

கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் பணிபுரியும் மூன்று நண்பர்கள் அண்மையில் எங்கள் கிளைக்கு வந்தனர். சனி, ஞாயிறுகளில் முறைவைத்து ஓட்டுவதற்கென உயர்திறன் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மூவரும் சேர்ந்து வாங்குவது அவர்களுடைய திட்டம். எந்தக் கார் என்பதில் மூவருக்கும் மூன்று கருத்துகள். ஒவ்வொரு காரின் குதிரைத்திறனும், நூறு கிலோமீட்டர் வேகத்தை எத்தனை நொடிகளில் எட்டும் என்பதும் அழகான அட்டவணையாகக் கையில் இருந்தன. "பதிவுச் சான்றிதழ் யார் பெயரில் இருக்கும்?" என்று கேட்டேன். அட்டவணையில் அதற்கு இடம் இல்லை. "மூன்று பேர் பெயரையும் போட முடியாதா சார்?" என்றார் அவர்களில் இளையவர்.

முடியாது என்பதே சட்டம் தரும் விடை. ஒரு வாகனம் பலருக்குக் கூட்டாக உரிமையுடையதாக இருக்கலாம் என்பதை 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் ஏற்கிறது. ஆனால் பதிவுக்கான விண்ணப்பத்தை அனைவர் சார்பிலும் ஒருவரே அளிக்க வேண்டும் என்றும், அச்சட்டத்தின் நோக்கங்களுக்கு அவரே உரிமையாளராகக் கருதப்படுவார் என்றும் 41-ஆம் பிரிவு கூறுகிறது. பணம் மூவருடையதாக இருக்கலாம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கும், காவல் துறைக்கும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திற்கும் தெரிந்த பெயர் ஒன்றே.

இப்பெயரின் கனத்தை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியது. அவ்வழக்கில் கார் விற்கப்பட்டுப் பல கைகள் மாறியபின் விபத்து நேர்ந்தது. பதிவேட்டில் மட்டும் முதல் உரிமையாளரின் பெயர் மாற்றப்படாமல் நின்றது. கார் தம்மிடம் இல்லை, ஓட்டியவர் தமக்கு அறிமுகமே இல்லாதவர் என்ற நிலையிலும் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு உரிமையாளருடையதே என நீதிமன்றம் முடிவு செய்தது. விற்ற காருக்கே இந்நிலை என்றால், நண்பரிடம் தாமே சாவியைக் கொடுத்தவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சிறிய தொல்லைகளும் இதே பெயரைத் தேடியே வரும். கேரளத்தில் 2023 ஜூன் முதல் 726 கேமராக்கள் சாலைகளைக் கண்காணிக்கின்றன. அதே ஆண்டு ஜூலையில் திருத்தப்பட்ட வரம்பின்படி, ஆறுவழித் தேசிய நெடுஞ்சாலையிலும் காருக்கு 110 கிலோமீட்டர்தான் உச்ச வேகம். நகர எல்லைக்குள் 50. இதை மீறுவதற்கு ஸ்போர்ட்ஸ் காருக்கு மூன்றாம் கியர்கூடத் தேவைப்படாது. அபராத அறிவிப்பு பதிவு உரிமையாளருக்கே வரும். ஓட்டியவர் யார் என்று கேட்கப்பட்டால் விவரம் தரும் கடமையும் அவருக்கே உண்டு. எனவே எந்த நாளில் எந்த நேரத்திலிருந்து கார் யார் கையில் இருந்தது என்பதைக் குறிக்க ஒரு பதிவேடு வேண்டும். நண்பர்களுக்குள் இது எதற்கு என்று தோன்றும். முதல் அபராதம் வரும் வரையில்தான் அவ்வாறு தோன்றும்.

இனிக் கணக்கிற்கு வருவோம். ஷோரூம் விலை 75 இலட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு நடைமுறைக்கு வந்த 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. இவ்விலையிலேயே அடங்கிவிடுகிறது. இதன்மேல் கேரள அரசின் ஒருமுறை வாகன வரி உண்டு. 20 இலட்சத்திற்கு மேற்பட்ட கார்களுக்கு அது விலையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறது. ஆக, வரி மட்டுமே 15 இலட்சத்திற்கு மேல். காப்பீட்டையும் சேர்த்தால் மொத்தச் செலவு 90 இலட்சத்தைக் கடந்துவிடும். பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட காருக்கு விற்பனையாளர் வசூலிக்கும் ஒரு விழுக்காடு வரி, அதாவது 75,000 ரூபாய், பின்னர் வருமான வரியில் கழித்துக் கொள்ளத்தக்கது. அந்தக் கழிவும் யாருடைய பான் எண்ணில் கார் வாங்கப்பட்டதோ அவருக்கே சேரும். மற்ற இருவரும் தம் பங்கை அவரிடம் கேட்டுத்தான் பெற வேண்டும்.

வரியைத் தவிர்க்கப் புதுச்சேரியில் பதிவு செய்யலாமே என்று இவ்விடத்தில் யாராவது ஒருவர் கேட்பது வழக்கம். 2017-இல் கேரளத்தில் பெரிதாகப் பேசப்பட்ட விவகாரம் அது. புகழ்பெற்றவர்கள் சிலரே வழக்குகளைச் சந்தித்தார்கள். வேறு மாநிலப் பதிவுள்ள வாகனத்தை ஓராண்டிற்கு மேல் இங்கு வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். அவ்வழியை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

தேய்மானமே பலரும் எழுதாமல் விடும் பெரிய செலவு. காப்பீட்டு நிறுவனங்கள் காரின் மதிப்பை ஆறு மாதத்திற்குள் 5 விழுக்காடும், ஓராண்டிற்குள் 15 விழுக்காடும் குறைத்துக் கணக்கிடுகின்றன. இக்குறைப்பு இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40 என ஏறிச் செல்லும். மூன்றாண்டு முடிந்து காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது நம் 75 இலட்சக் காரின் மதிப்பு 45 இலட்சம். குறைந்த 30 இலட்சத்தை அந்த மூன்றாண்டின் 156 வார இறுதிகளுக்குப் பங்கிட்டால், ஒரு வார இறுதிக்கு 19,000 ரூபாய்க்கு மேல் ஆகிறது. பெட்ரோல், டயர், காப்பீடு, வாகன வரி எதுவும் இதில் சேரவில்லை. மழைக்காலம் இருமுறை வரும் ஊர் இது. அந்த 156-இல் எத்தனை நாள் உலர்ந்த சாலை கிடைக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் கார் முற்றாகச் சேதமடைந்தால் கிடைக்கக்கூடியது 52.5 இலட்சம் அளவே. செலுத்திய வாகன வரி அதில் சேராது. முழு விலையையும் ஈடுசெய்யும் கூடுதல் காப்பீட்டை முதல் ஆண்டுகளில் எடுத்துக் கொள்வது இத்தகைய கார்களுக்குப் பொருத்தமானது.

கடன் என்று வரும்போது சுமை இன்னும் ஒருபக்கமாகச் சாய்கிறது. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரை இணைக் கடனாளிகளாக ஏற்கும் வங்கிகள், நண்பர்களை அவ்வாறு சேர்க்கப் பொதுவாகத் தயங்கும். எனவே கடனும் பதிவு உரிமையாளர் பெயரிலேயே அமையும். 45 இலட்சம் ரூபாயை 9 விழுக்காடு வட்டியில் ஐந்தாண்டுக்குப் பெற்றால் மாதத் தவணை ஏறத்தாழ 93,400 ரூபாய். ஆளுக்கு 31,000-க்குச் சற்று மேல். நண்பர் ஒருவர் பெங்களூருக்கு மாறிச் சென்று தம் பங்கை நிறுத்திவிட்டால், வங்கி அவரைக் கேட்காது, கேட்கவும் இயலாது. தவணை தவறிய குறிப்பு ஒருவருடைய கடன் அறிக்கையில் மட்டுமே ஏறும். சில ஆண்டுகள் கழித்து அவர் வீட்டுக்கடன் கேட்டு வரும்போது, எங்களைப் போன்றவர்கள் படிப்பது அந்த அறிக்கையைத்தான்.

காப்பீட்டைப் பொறுத்தவரை ஓர் ஆறுதல் உண்டு. தனிப்பயன் காரின் பாலிசி, செல்லத்தக்க உரிமத்துடன் உரிமையாளரின் இசைவோடு ஓட்டும் எவருக்கும் பொதுவாகப் பொருந்தும். ஆனால் 15 இலட்ச ரூபாய்க்கான கட்டாயத் தனிநபர் விபத்துக் காப்பு, உரிமையாளர்-ஓட்டுநருக்கு மட்டுமே. மற்ற இருவரும் தமக்கெனத் தனிக் காப்பு எடுத்துக் கொள்ள வேண்டும். கோரிக்கையின்றி ஓட்டியதற்கான போனஸ் முதல் ஆண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி ஐந்தாண்டில் 50 வரை உயரும். நண்பர் ஒருவர் மதில் சுவரில் உரசியதற்காகக் கோரிக்கை அளித்தால், அழிவது உரிமையாளர் சேர்த்த போனஸ். பந்தயம், வேகச் சோதனை ஆகியவற்றிற்குச் சாதாரணப் பாலிசி பொருந்தாது. கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீடுவே ஓடுதளத்திற்குக் காரைக் கொண்டுபோகும் ஆசை இருந்தால், அந்நாளின் சேதம் முழுவதும் ஓட்டுபவரின் சொந்தப் பொறுப்பு என முன்கூட்டியே எழுதிக் கொள்வது நல்லது.

வாடகைக்கு விடுவதும் பாலிசிக்கு வெளியே நிற்பது. செலவை ஈடுகட்ட அவ்வப்போது அலுவலகத் தோழர்களுக்குக் கொடுத்துப் பணம் வாங்கலாம் என்ற யோசனை இம்மூவருக்கும் இருந்தது. 2024 டிசம்பரில் ஆலப்புழைக் களர்கோட்டில் மருத்துவ மாணவர்கள் உயிரிழந்த விபத்திற்குப் பின், தனியார் கார்களைக் காசுக்குக் கொடுப்பது குறித்துக் கேரளப் போக்குவரத்துத் துறை கடுமை காட்டி வருகிறது. கூட்டுச் சொந்தக்காரர்கள் செலவைப் பகிர்வது வேறு, வெளியாரிடம் வாடகை பெறுவது வேறு. இரண்டாவதை நான் அவர்களுடைய தாளிலிருந்து அடித்துவிட்டேன்.

இவ்வளவும் தெரிந்தபின்தான் எந்தக் கார் என்ற கேள்வி. முழுதாகக் கட்டி இறக்குமதியாகும் இருவர் அமரும் கார் கண்ணுக்கு விருந்து. ஆனால் தாழ்ந்த அடித்தளம் நம் வேகத்தடைகளை உரசும். முன்பக்க உதட்டின் விலையைப் பங்கு போடும்போது, உடைத்தவர் யார் என்ற பேச்சு வரும். 22 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட பொன்முடிச் சாலையிலும், நாகர்கோவிலைத் தாண்டித் திருநெல்வேலி நோக்கிய நான்குவழிச் சாலையிலும் ஒரே கார் பயன்பட வேண்டும். மூவரில் ஒருவருக்குக் கைக்குழந்தை உண்டு. எனவே நான்கு கதவுகள் வேண்டும் என்பது என் கருத்து. உள்நாட்டில் பூட்டப்படும் கார் விலையில் சற்று இறங்கி வரும். எடுத்துக்காட்டாக, சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டி ஆலையில் பூட்டப்பட்ட பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, ஆறு சிலிண்டர் இயந்திரமும் நான்கு சக்கர இயக்கமும் கொண்டது. நூறு கிலோமீட்டரை ஐந்து நொடிக்குள் எட்டிவிடும். இது விளம்பரமன்று, ஒப்பிடுவதற்கு ஓர் அளவுகோல் மட்டுமே.

இவற்றைவிடச் சிக்கனமான வழி, முன்பே கேரளத்தில் பதிவான மூன்று நான்காண்டுக் காரை வாங்குவது. தேய்மானத்தின் செங்குத்தான பகுதியை முதல் உரிமையாளர் ஏற்றிருப்பார். பதினைந்தாண்டு வரியும் கட்டப்பட்டிருக்கும். டெல்லியில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் தடையில்லாச் சான்று, மறுபதிவு, கேரள வரி என மலிவு கரைந்துவிடும்.

எதை வாங்கினாலும் ஒப்பந்தம் ஒன்றை முத்திரைத்தாளில் வழக்கறிஞர் வழியாக எழுதிக் கொள்ள வேண்டும். யார் எவ்வளவு செலுத்தினார், விலகுபவருக்கு எந்த மதிப்பில் எத்தனை நாளில் பணம் தருவது, மூன்றாம் நபருக்குச் சாவி கொடுக்கலாமா, காப்பீட்டில் வராத சேதம் யாருடையது ஆகியவை அதில் இருக்க வேண்டும். விலகல் மதிப்பை அந்த ஆண்டின் காப்பீட்டு மதிப்போடு இணைப்பது பேரத்தைக் குறைக்கும். பொதுச் செலவுக்கு மூவர் பெயரிலும் ஒரு கூட்டுக் கணக்கு தொடங்கி, இருவர் கையொப்பமின்றிப் பணம் எடுக்க இயலாதவாறு வைத்துக் கொள்ளலாம். காரைப் போலன்றி, வங்கிக் கணக்கில் மூவர் பெயரும் இடம்பெற முடியும்.

பேசத் தயங்கும் செய்தி ஒன்றும் உள்ளது. பதிவு உரிமையாளர் இறந்துவிட்டால் கார் அவருடைய வாரிசுகளின் சொத்தாகவே காட்சியளிக்கும். 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்திற்குத் தெரிவித்து, மூன்று மாதத்திற்குள் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். 2021 முதல் பதிவுச் சான்றிதழில் நியமனதாரரையும் குறிக்கலாம். துயரத்தில் இருக்கும் ஒரு மனைவியிடம் சென்று, "அக்கா, இதில் எங்கள் பணமும் இருக்கிறது" என்று சொல்ல நண்பர்களுக்கு நா எழாது. சொன்னாலும் சான்றின்றி அவர் எப்படி நம்புவார்? ஒப்பந்தத்தின் ஒரு படியை ஒவ்வொருவர் வீட்டிலும் வைப்பது இதற்காகத்தான்.

இரண்டு வாரம் கழித்து இருவர் மட்டும் வந்தனர். கைக்குழந்தை உள்ளவர் ஒப்பந்த வரைவை மனைவியுடன் அமர்ந்து படித்தபின் விலகிக் கொண்டாராம். நட்பு அப்படியே இருக்கிறது என்றார்கள். கே.எல்.01 பதிவுள்ள நான்காண்டுக் கார் ஒன்றை இப்போது பார்த்து வைத்திருக்கிறார்கள். இளையவர் பெயரில் பதிவு, 18 இலட்சம் கடன், இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு. முந்தைய உரிமையாளரின் வங்கியிலிருந்து கடன் தீர்ந்ததற்கான தடையில்லாச் சான்று வந்ததும் எங்கள் வேலை தொடங்கும்.