விமானப் படைத் தலைமையகம்: ஆணையிடுவது யார்?

புது தில்லி: கரோல் பாகில் உள்ள பயிற்சி மையங்களின் பலகைகளில் "சி.டி.எஸ்." என்று எழுதியிருந்தால், அது முப்படைகளுக்கு அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க ஆண்டுக்கு இரு முறை நடத்தப்படும் தேர்வைக் குறிக்கும். சில கிலோமீட்டர் தொலைவில், ரஃபி மார்கில் உள்ள வாயு பவனில் அதே மூன்றெழுத்தைச் சொன்னால் முப்படைத் தலைமைத் தளபதி என்ற பதவிதான் நினைவுக்கு வரும். 2020 ஜனவரி 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த அப் பதவி, விமானப் படைத் தலைமையகத்தைப் பற்றிய பழைய கேள்வி ஒன்றுக்குப் புதிய சூடு ஏற்றியிருக்கிறது. போர் விமானங்களுக்கு ஆணையிட வேண்டியவர் யார் என்பதே அக் கேள்வி.

கரோல் பாக் தமிழர்களுக்கு இத்தகைய அலுவலகங்கள் அந்நியமானவை அல்ல. எழுத்தர்களாகவும் சுருக்கெழுத்தர்களாகவும் மத்திய அரசுப் பணிக்கு வந்து இங்கு குடியேறியவர்கள் பலர். முப்படைத் தலைமையகங்களில் சீருடை அணியாத ஊழியர்களுக்கெனத் தனிப் பணிப் பிரிவே உண்டு. சீருடை அதிகாரி சில ஆண்டுகளில் மாற்றலாகிப் போய்விடுவார். பழைய கோப்பு எங்கே இருக்கிறது, அதில் முன்பு என்ன குறிப்பு எழுதப்பட்டது என்பதை அறிந்தவர் பிரிவு அலுவலர்தான். தலைமையக அமைப்பு பற்றிய வரைபடங்களில் இவர்களுக்கு இடம் கிடைப்பதில்லை.

அந்த வரைபடத்தின் உச்சியில் இருப்பவர் ஏர் சீஃப் மார்ஷல் தகுதியுள்ள தலைமைத் தளபதி. அவருக்கு அடுத்து வைஸ் சீஃப், டெபுடி சீஃப் என இருவர் உள்ளனர். இரண்டையுமே "துணைத் தளபதி" என்று எழுதிப் பத்திரிகைகள் வாசகர்களைக் குழப்புவது வழக்கம். இருவரும் ஏர் மார்ஷல்களே, பணிகள்தாம் வேறு. போர் நடவடிக்கை சார்ந்த பிரிவுகள் வைஸ் சீஃபின் பொறுப்பில் வருகின்றன. எதிர்காலத் திட்டங்களும் புதிய தளவாடக் கொள்முதலும் டெபுடி சீஃபின் பொறுப்பு. ரஃபேல் விமான விலை குறித்து பிரான்சுடன் பேசிய குழுவுக்கு டெபுடி சீஃப் தலைமை வகித்தது இதனால்தான். அப் பொறுப்பில் இருந்த ஆர்.கே.எஸ். பதௌரியா 2019-இல் தலைமைத் தளபதியானார்.

நிர்வாகம், பராமரிப்பு, பணியாளர் நலன் ஆகியவற்றுக்குத் தனித் தனி ஏர் மார்ஷல்கள் உண்டு. ஆய்வு, பறத்தல் பாதுகாப்புக்கென ஒரு தலைமை இயக்குநரும் இருக்கிறார். இவர்களுக்குக் கீழே ஏர் வைஸ் மார்ஷல், ஏர் கமோடர், குரூப் கேப்டன், விங் கமாண்டர் எனப் படிநிலை இறங்குகிறது. 2025 மே மாதம் "ஆபரேஷன் சிந்தூர்" பற்றிச் செய்தியாளர்களிடம் விளக்கிய ஏர் மார்ஷல் ஏ.கே. பாரதி, விமான நடவடிக்கைகளுக்கான தலைமை இயக்குநராக இருந்தவர். தலைமையகப் பதவி ஒன்றின் பெயர் வீடுதோறும் தொலைக்காட்சி வழியாகச் சென்றது அரிதான நிகழ்வு.

பெயர் மாறியது, பணி மாறவில்லை: விமானப் படையின் முதல் இந்தியத் தலைவரான சுப்ரதோ முகர்ஜி 1954 ஏப்ரல் 1-இல் பொறுப்பேற்றபோது அவரது பதவி "கமாண்டர்-இன்-சீஃப்". மறு ஆண்டே சட்டத்தின் மூலம் அது "சீஃப் ஆஃப் தி ஏர் ஸ்டாஃப்" என்று மாற்றப்பட்டது. முன்னது படையை நடத்துபவரைக் குறிக்கும் பெயர். பின்னது அரசுக்கு ஆலோசனை கூறும் அதிகாரியைக் குறிப்பது. ஆயினும் நடைமுறையில் ஒருவரே இரண்டு பணிகளையும் தொடர்ந்தார். தில்லி, பிரயாக்ராஜ், ஷில்லாங், காந்திநகர், திருவனந்தபுரம், பெங்களூரு, நாகபுரி ஆகிய ஏழு இடங்களிலுள்ள கமாண்டுகளும் அவருக்கே கட்டுப்பட்டவை.

இதைச் சுட்டிக்காட்டியவர்களுள் முதன்மையானவர் ஒரு தமிழர். திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம் தலைமையிலான கார்கில் ஆய்வுக் குழு, படைத் தலைமையகங்கள் அரசின் உச்ச அமைப்புக்கு வெளியே நிறுத்தப்பட்டிருப்பதைக் குறை கூறியது. தளபதிகள் பிரதமரின் ஆலோசகர்களாக இல்லாமல் களத் தளபதிகளாகவே ஆகிவிட்டனர் என்றும் அது எழுதியது. 1999 மே மாதம் தரைப்படை ஹெலிகாப்டர் உதவி கோரியபோது, அரசியல் தலைமையின் ஒப்புதல் வேண்டும் என்று விமானப் படைத் தலைமையகம் கூறியதால் எழுந்த கசப்பு அப்போது ஆறியிருக்கவில்லை. ஒப்புதல் கிடைத்து, மே 26-இல்தான் வான் தாக்குதல் தொடங்கியது.

குழுவின் அறிக்கைக்குப் பின் தலைமையகத்தின் பெயருடன் "பாதுகாப்பு அமைச்சகத்தின் ஒருங்கிணைந்த தலைமையகம்" என்ற அடைமொழி சேர்ந்தது. பலகை மாறியதே தவிர, கோப்புகள் அமைச்சகத்துக்குப் போய்த் திரும்பும் பாதை மாறவில்லை என்ற விமர்சனம் நெடுநாள் நீடித்தது. ராணுவ விவகாரத் துறை உருவாக்கப்பட்டபோது தலைமையகங்கள் அதன்கீழ் வந்தன. ஆனால், பெரும் பணம் புரளும் மூலதனக் கொள்முதல் பாதுகாப்புத் துறைச் செயலரிடமே நின்றுவிட்டது.

அடுத்த கட்டம் ஒருங்கிணைந்த போர்ப் பிராந்தியக் கமாண்டுகள். முப்படைகளும் ஒரே தளபதியின்கீழ் போரிடும் ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி போர் ஆணை, அதிபரிடமிருந்து பாதுகாப்பு அமைச்சர் வழியாகப் பிராந்தியத் தளபதிக்குச் செல்கிறது. விமானப் படைத் தலைவர் வீரர்களைத் திரட்டிப் பயிற்சியளித்து ஒப்படைப்பதோடு சரி. இந்தியாவிலும் அவ்வாறானால், வைஸ் சீஃபின்கீழ் உள்ள நடவடிக்கைப் பிரிவுக்கு வேலை பெரிதும் குறைந்துவிடும்.

விமானப் படையின் தயக்கத்தைப் பதவி ஆசை என்று ஒதுக்கிவிடுவது நியாயமன்று. அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 ஓய்வு பெற்றபோது இருந்தவையோ 29. இருக்கும் சிலவற்றைப் பிராந்தியவாரியாகப் பங்கிட்டால் மேற்கிலிருந்து கிழக்குக்கு உடனே திருப்ப இயலாது என்கிறது வாயு பவன். 2021 ஜூலையில் அன்றைய முப்படைத் தலைமைத் தளபதி விபின் ராவத், விமானப் படையை ஒரு துணைப் படை என்று வருணிக்க, பதௌரியா அதை வெளிப்படையாகவே மறுத்தார். 2025 ஆகஸ்டில் மாவ் நகரில் பேசிய தலைமைத் தளபதி ஏ.பி. சிங், அவசரம் கூடாது என்றும், தில்லியிலேயே கூட்டுத் திட்டமிடல் மையம் ஒன்று போதும் என்றும் கூறினார். கடற்படையோ பிராந்தியக் கமாண்டுகளை ஆதரித்தது.

தமிழகத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. தஞ்சாவூரில் 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்ட சுகோய்-30 ஸ்குவாட்ரன் திருவனந்தபுரத்திலுள்ள தெற்கு விமானக் கமாண்டைச் சேர்ந்தது. கடல்சார் பிராந்தியக் கமாண்டு என்பது பேசப்பட்டுவரும் திட்டங்களுள் ஒன்று. அது அமைந்தால், இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறக்க அந்த விமானங்களுக்கு ஆணையிடுபவர் கடற்படை அட்மிரலாகவும் இருக்கக் கூடும்.